இடையிற் செருகிய கத்தியும் இல்லத்துத் துப்பாக்கியும்

தற்காப்புக்கு ஏற்றது கத்தியா, துப்பாக்கியா என்னும் வினாவுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் கருவியின் இயல்பையே அளந்து கூறுவர். கத்தி கைக்கெட்டும் தொலைவில் நிற்பவனை மட்டுமே தடுக்கும். துப்பாக்கி சேய்மையில் நிற்பவனையும் வீழ்த்தும். கத்திக்கு மருந்தும் குண்டும் வேண்டா. துப்பாக்கிக்கு அவை இன்றியமையாதவை. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் தென்னாட்டு வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். கடந்த இருநூறு ஆண்டுகளாக இத்தேர்வு தனிமனிதன் கையில் இருந்ததில்லை. யாரிடம் துப்பாக்கி இருக்கலாம், யாரிடம் கத்தி மட்டும் எஞ்சலாம் என்பதை அரசாணைகளே வரையறுத்தன. ஆணையின் பின்னே நின்றது கருவியின் திறம் பற்றிய எண்ணம் அன்று. யாரை நம்பலாம் என்ற கணக்கே ஆகும். நெல்லை, சிவகங்கைச் சீமைகளும், காவிரி பிறக்கும் குடகு நாடும் ஒரே ஆட்சியின்கீழ் அடைந்த இருவேறு நிலைகள் இதனைத் தெளிவாக உணர்த்தும்.

இலக்கியம் காட்டும் இடைவாள்

படைக்கலம் தாங்கிய மாந்தரைத் தமிழ் இலக்கியமும் கல்வெட்டும் தொடக்கம் முதலே காட்டுகின்றன. ஆநிரை மீட்டு மாண்ட வீரர்க்கு எடுத்த நடுகற்களில், குறிப்பாகச் செங்கம் வட்டாரத்துப் பல்லவர் காலக் கற்களில், வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளோ குறுவாளோ ஏந்தி நிற்பதைக் காணலாம். வில் சேய்மைக்கு உரியது. குறுவாள் அண்மைக்கு உரியது. இரண்டையும் ஒருங்கே கொண்டவனாகவே ஊர் தன் காவலனை நினைவிற் போற்றியது. பிற்காலத்தார் கத்திக்கும் துப்பாக்கிக்கும் இடையே கண்ட வேறுபாடு அக்கல்லிலேயே வேறு வடிவில் உள்ளது எனலாம்.

புறநானூற்றின் 95ஆம் பாடல் படைக்கலம் பற்றிய பாடல்களுள் தனிச்சிறப்புடையது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் காட்டிய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது அது. தொண்டைமானின் கருவிகள் நெய் பூசப்பெற்றுப் பொலிவுடன் காவலில் இருக்கின்றன. அதியமானின் கருவிகளோ போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழித்தும் பழிப்பது போலப் புகழ்ந்தும் அமைந்த அப்பாடலிற் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கொல்லன் பட்டறை இல்லையேல் வாளும் வேலும் இல்லை. தமிழகத்துப் படைக்கலம் ஊர்க் கொல்லனின் உலையையே நம்பி வாழ்ந்தது. பின்வரும் வரலாற்றை விளங்கிக்கொள்ள இச்செய்தி பெரிதும் உதவும்.

வெளிப்படையாகத் தாங்கிய கருவியை நம் இலக்கியம் இழிவாகக் கருதவில்லை. மறைத்து வைத்த கருவியையே அஞ்சியது. வணங்கிக் கூப்பிய பகைவனின் கைக்குள்ளும் கருவி மறைந்திருக்கும் என்று கூடாநட்பு அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். இதற்கு விளக்கம்போல் அமைந்தது பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. போரிற் பலமுறை தோற்ற முத்தநாதன், சிவனடியார் கோலம் பூண்டு, சுவடிக்கட்டினுள் கத்தியை மறைத்துக்கொண்டு திருக்கோவலூர் அரண்மனை புகுகிறான். வாயில் காத்தவர் கண்டது நூலை; உள்ளிருந்தது ஆயுதம். மெய்க்காப்பாளனாகிய தத்தன் வாளோங்கியபோது, உயிர் பிரியும் நிலையிலிருந்த அரசர் அவனைத் தடுத்து, வந்தவனுக்கு ஊறு நேராமல் எல்லை கடத்தி விடுமாறு பணித்தார். அரணும் வாளும் காவலரும் இருந்தும் நூலுக்குள் இருந்த ஒரு கத்தியைத் தடுக்க இயலவில்லை. தற்காப்பைக் கருவியின் அளவிற் கணக்கிடுவோர்க்குச் சேக்கிழார் விட்டுச்சென்ற வினா இது.

புலவர் இடையிலும் கத்தி இருந்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஓலையிற் கீறும் எழுத்தாணியையும் ஓலையை நறுக்கும் கத்தியையும் ஒரே பிடியில் இணைத்து, இருபுறமும் மடக்கிக்கொள்ளுமாறு செய்த மடக்கெழுத்தாணி, கணக்கரும் புலவரும் நாள்தோறும் உடன் கொண்ட கருவியாகும். இறகுப் பேனாவைச் சீவப் பயன்பட்டதால் மேனாட்டிலிருந்து வந்த சிறுகத்தி பேனாக்கத்தி என்று பெயர் பெற்றது. எழுத்துத் தொழிலும் கத்தியும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல.

துப்பாக்கியின் வருகை

கத்தி என்னும் சொல் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் சிறு மாற்றங்களுடன் வழங்குகிறது. துப்பாக்கி என்பதோ துருக்கிய மொழிவழி வந்த சொல். சொல்லைப் போலவே கருவியும் வெளியிலிருந்து வந்தது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் தக்காணத்து அரசுகள் வாயிலாகவும் கடல்வழி வந்த போர்த்துக்கீசியர் வாயிலாகவும் வெடிமருந்துக் கருவிகள் தென்னாட்டிற் பரவின. நாயக்கர் காலத்துப் பாளையக்காரர் படைகளில் வாள், ஈட்டி, வளரி ஆகியவற்றுடன் திரித்துப்பாக்கியும் இடம்பெற்றது.

திரித்துப்பாக்கியின் இயக்கம் எளிதன்று. குழலின் வாய்வழியே வெடிமருந்தை அளந்து இட்டு, குண்டையும் இட்டுக் கோலாற் கெட்டிக்க வேண்டும். பக்கவாட்டிலுள்ள சிறு கிண்ணத்தில் பொடிமருந்து இட்டு, எரியும் திரியை அதன்மேற் பதியச் செய்தால் வெடிக்கும். மழை பெய்தால் மருந்து நனையும், திரி அணையும். ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடுவதற்குள் ஈட்டியோ வாளோ ஏந்தியவன் நெருங்கிவிடுவான். ஆகவே துப்பாக்கி வந்த பின்னரும் இடைவாளும் ஈட்டியும் நீங்கவில்லை.

இதனினும் முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. கத்தி செய்ய இரும்பும் உலையும் போதும். கூராக்க ஒரு சாணைக்கல் போதும். துப்பாக்கிக்கோ வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவை சேர்ந்த மருந்தும் ஈயக் குண்டும் இடையறாது வந்துகொண்டிருக்க வேண்டும். சந்தையையும் சாலையையும் துறைமுகத்தையும் ஆள்பவன் துப்பாக்கியையும் ஆளலாம். ஊர்தோறும் உள்ள கொல்லன் உலையை எந்த அரசாலும் முற்றும் அணைக்க இயலாது. பின்னர் வந்த ஆணைகள் துப்பாக்கியை நாட்டினின்று அகற்றுவதில் பெற்ற வெற்றியைக் கத்தியிடம் பெறாமைக்கு இதுவே அடிப்படை எனலாம்.

1801: படைக்கலம் பறிக்கப்பட்ட சீமை

1799இல் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் நடத்திய போர் தென்சீமை முழுவதும் பரவியது. அப்போரிற் கும்பினிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் எழுதி 1830இல் வெளியான நினைவுக் குறிப்புகள், படைக்கல வரலாற்றுக்கு அரிய சான்றாகும். 1795இல் மதுரைப் பகுதியில் இருந்தபோது, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலிற் கற்பித்தவர் சின்னமருது என்று வெல்ஷ் எழுதுகிறார். ஆறாண்டுகள் கழித்து அதே சின்னமருது காட்டில் வேட்டையாடப்பட்டுக் காயமுற்றுச் சிறைப்பட்டதையும் தூக்கில் தொங்கியதையும் கண்டவர் அவரே. கற்பித்த கையும் கற்ற கையும் எதிரெதிர் நின்ற இந்நிகழ்ச்சியை அவர் வருத்தத்துடனேயே பதிவு செய்துள்ளார்.

மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதனையடுத்து, டிசம்பர் முதல் நாள், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும், மக்கள் படைக்கலம் தாங்குவதை ஒழிக்கவும் அதனால் வழிவகுக்கப்பட்டது. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இவ்வறிக்கை விரிவாக இடம்பெறுகிறது. துப்பாக்கிகளுடன் நீண்ட ஈட்டிகளும் பறிமுதலுக்குரியவை ஆயின. காவலும் வரிதண்டலும் கும்பினியின் கைக்கு முழுமையாக மாறின.

இவ்வாணையின் விளைவை இருவகையாகக் காணலாம். ஊரின் பாதுகாப்பை ஊராரே ஏற்ற திசைக்காவல், தலக்காவல் ஆகிய மரபுகள் வலுவிழந்தன. ஈட்டியும் வளரியும் துப்பாக்கியும் நீங்கியபின் குடியானவன் வீட்டில் எஞ்சியது அரிவாள். கதிர் அறுக்கும் கருக்கரிவாள், பாளை சீவும் அரிவாள், முள் வெட்டும் வெட்டரிவாள் ஆகிய இவை தொழிற்கருவிகள். உழவும் தொழிலும் நடைபெற வேண்டுமாயின் இவற்றை எவரும் பறிக்க இயலாது. சிவகங்கைப் பகுதியின் திருப்பாச்சேத்தி அரிவாள் இன்றளவும் பெயர்பெற்று விளங்குகிறது. அய்யனாருக்கும் கருப்பசாமிக்கும் நேர்ந்துகொண்டோர் கோயில்களில் அரிவாளையே நட்டு வைக்கின்றனர். அரிவாள் தென்தமிழகத்தின் அடையாளமாக ஓங்கியதற்கு வீர மரபு ஒன்றே காரணம் என்பாரும் உளர். பிற கருவிகள் பறிக்கப்பட்ட நாட்டில் பறிக்கப்படாமல் நின்றது அதுவே என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

குடகு: துப்பாக்கி நீங்காத நாடு

இனி, காவிரியின் வழியே மேற்கு நோக்கிச் சென்றால் வேறொரு காட்சி தென்படும். 1834இல் குடகின் அரசர் சிக்க வீரராசேந்திரரை அகற்றிக் கும்பினி அந்நாட்டை இணைத்துக்கொண்டது. 1837இல் அங்கும் கிளர்ச்சி எழுந்தது. அதனை அடக்கக் குடகர் பலர் துணை நின்றனர். அவர்களுக்குக் கும்பினி பதக்கம் வழங்கிச் சிறப்புச் செய்தது. 1857இன் பெருங்கிளர்ச்சிக்குப் பின் நாடெங்கும் படைக்கலம் பறிக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டபோது, மைசூர், குடகு ஆணையராக இருந்த மார்க் கப்பன், 1861 பிப்ரவரியில் குடகர்க்கு அச்சட்டத்தினின்று விலக்களித்தார். அவர்தம் பற்றுறுதியும் வீரமுமே காரணமாக அறிக்கையிற் சுட்டப்பட்டன.

குடகரின் வாழ்வில் கத்தியும் துப்பாக்கியும் ஒன்றையொன்று விலக்கவில்லை. கரிய நீளங்கியின்மேற் கட்டிய பட்டுக் கச்சையில், வெள்ளி வேலைப்பாடமைந்த பீச்சக்கத்தி செருகப்படும். அகன்று வளைந்த ஒடிக்கத்தியைப் பின்னிடுப்பிற் பித்தளைக் கொளுவியில் மாட்டுவர். மணநாளில் நட்டு வைத்த வாழைத் தண்டுகளை ஒடிக்கத்தியால் ஒரே வீச்சில் வெட்டி வீழ்த்துவது சிறப்புச் சடங்காகும். ஆண்மகவு பிறந்தால் ஒரு வேட்டும், இறப்பு நேர்ந்தால் இரு வேட்டும் சுடுவது மரபு. புத்தரி எனப்படும் புதுநெல் விழாவில் வயலில் முதற்கதிர் அறுபடும்போது துப்பாக்கி முழங்கும். அரிவாளும் துப்பாக்கியும் ஒரே சடங்கில் சேர்ந்து நிற்பதை அங்கே காணலாம்.

நடவு முடிந்து செப்டம்பர்த் தொடக்கத்தில் நடைபெறும் கைல்போது விழாவில் இல்லத்துப் படைக்கலங்களைத் துடைத்து வழிபாட்டறையில் வைத்துப் பூச்சூட்டுவர். துப்பாக்கிக்குச் சூட்டும் அம்மலரைக் குடகர் துப்பாக்கிப்பூ என்னும் பொருளில் தோக்குப்பூ என்பர். அது வேறு மலரன்று. சங்கப் புலவர் முருகனுக்குரியதாகப் பாடிய செங்காந்தளே ஆகும். குறிஞ்சி நிலத்துத் தெய்வ மலர், அதே மலைத்தொடரின் ஒரு பகுதியில் துப்பாக்கியின் மலராகிப் பெயரும் மாறியது தமிழறிந்தார் உள்ளத்தைத் தொடும் செய்தியாகும்.

நெல்லைச் சீமையார் குடகரினும் வீரத்திற் குறைந்தவர் அல்லர். பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டையின் முன் கும்பினிப் படை இருமுறை பின்வாங்கியதை அப்படையினரே எழுதி வைத்துள்ளனர். அவ்வீரம் ஆட்சிக்கு எதிராக நின்றமையால் ஈட்டியும் பறிக்கப்பட்டது. குடகரின் வீரம் ஆட்சிக்குத் துணை நின்றமையால் துப்பாக்கியும் விடப்பட்டது. இதனாற் குடகரைக் குறைகூறுதல் பொருந்தாது. அவர்களுக்கு அது குலமரபு. ஆட்சியாளர்க்கோ அது பரிசு. 1837இல் எதிர்த்து நின்று மடிக்கேரியில் தூக்கிலேறியோரும் அம்மண்ணில் உண்டு.

1878: கவிஞர் இயற்றிய இரு சட்டங்கள்

அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபுவின் காலத்தில் 1878ஆம் ஆண்டு இரு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, இந்திய மொழி இதழ்களின் வாய்ப்பூட்டுச் சட்டம். மற்றொன்று, இந்தியப் படைக்கலச் சட்டம். ஓவன் மெரிடித் என்னும் புனைபெயரில் கவிதை நூல்கள் வெளியிட்ட கவிஞர் அவர் என்பது இலக்கிய அன்பர்கள் கருதத்தக்கது. எழுதும் கையையும் ஏந்தும் கையையும் ஓராண்டிலேயே கட்ட முற்பட்டவர் தாமும் ஓர் எழுத்தாளரே.

படைக்கலச் சட்டத்தின் வரையறையில் துப்பாக்கி, வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றுடன் வில்லும் அம்பும் இடம்பெற்றன. நடுகல்லில் நின்ற வீரனின் இரு கருவிகளும் உரிமச் சீட்டுக்குரியவை ஆயின. ஐரோப்பியர்க்கோ விலக்கு உண்டு. இதழ்ச் சட்டம் ரிப்பன் பிரபுவின் காலத்தில் நீக்கப்பட்டது. படைக்கலச் சட்டமோ விடுதலைக்குப் பின்னும் பல்லாண்டு நிலைத்தது. எழுத்தை அஞ்சியதைக் காட்டிலும் கருவியை அவ்வரசு நெடுங்காலம் அஞ்சியது போலும்.

உரிமம் இன்றித் துப்பாக்கி தேடியோர்க்குப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி வழியாயிற்று. கம்பராமாயண ஆய்வாலும் சிறுகதையாலும் தமிழுக்கு வளம் சேர்த்த வ.வே.சு. ஐயர் அங்கே இளைஞர்க்குச் சுடும் பயிற்சி அளித்தார் என்பர். 1911 சூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டு, வாஞ்சிநாதன் தம்மையும் மாய்த்துக்கொண்டபோது கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அது தற்காப்பன்று; அரசியற் கொலை. எனினும் நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன் படைக்கலம் பறிக்கப்பட்ட அதே நெல்லை மண்ணிற் கருவி மறைந்து வந்தது என்பது நோக்கத்தக்கது. வெளிப்படையாக ஏந்துவதைத் தடுத்த சட்டம் மறைத்து ஏந்துவதைத் தடுக்க இயலவில்லை.

விடுதலைக்குப் பின்

1931ஆம் ஆண்டுக் கராச்சி மாநாட்டில் காங்கிரசு ஏற்ற அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிருணய சபையில் எச்.வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்க வேண்டினார். அண்ணல் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. தீயோர்க்கும் அவ்வுரிமை சென்றுசேரும் என்பது அவர் கருத்து. நாடு அழைக்கும்போது படைக்கலம் ஏந்துவதைக் குடிமகனின் உரிமையாகக் கொள்வதினும் கடமையாகக் கொள்வதே தக்கது என்றார். அரசியலமைப்பில் நிலைபெற்றது ஒரு கருவி மட்டுமே. 25ஆம் பிரிவின் விளக்கத்தில் சீக்கியர் கிர்ப்பான் தாங்குவது சமய ஒழுகலாறாக ஏற்கப்பட்டது. அதுவும் கத்தியே, துப்பாக்கியன்று.

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. துப்பாக்கிக்கு நாடெங்கும் உரிமம் வேண்டும். 9 அங்குலத்திற்கு நீண்ட அல்லது 2 அங்குலத்திற்கு அகன்ற அலகுடைய கத்தி, வாள் முதலியவற்றுக்கு, அரசு தனியே அறிவித்த பகுதிகளில் உரிமம் வேண்டும். வீட்டுக்கும் உழவுக்கும் எனச் செய்த கருவிகட்கு விலக்கு உண்டு. 1801இல் குடியானவன் வீட்டில் எஞ்சிய அரிவாள் இன்றும் அவ்விலக்கில்தான் வாழ்கிறது. தற்காப்பு உரிமையைப் பழைய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் ஏற்றது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனை ஏற்கிறது. தற்காப்புக்குத் தேவையான அளவினும் மிகுந்த தீங்கு செய்தல் ஆகாது என்பதே இரண்டின் வரம்பும். கருவி எதுவாயினும் சட்டம் அளப்பது அளவையே.

குடகரின் விலக்கு இன்னும் நீங்கவில்லை. 2019இல் நடுவண் அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. சமத்துவத்திற்கு மாறானது என்று தொடரப்பட்ட வழக்கைக் கருநாடக உயர்நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. ஓர் ஆணையர் 1861இல் வழங்கிய நம்பிக்கை மூன்றாம் நூற்றாண்டிலும் கால் பதித்துள்ளது.

நிறைவாக

கத்தியா, துப்பாக்கியா என்னும் வினாவின் அடியில் யார் யாரை நம்பினர் என்னும் வினா இருப்பதை இவ்வரலாறு காட்டுகிறது. சின்னமருது ஓர் அயலவனை நம்பி வளரி வீசக் கற்பித்தார். கற்றவனின் படையே அவரை வேட்டையாடியது. மெய்ப்பொருளார் நூலை நம்பினார். அதனுள் கத்தி இருந்தது. ஆயினும் நம்பியதற்காக அவரைத் தமிழ் மரபு பழிக்கவில்லை. அடியாராக வைத்துப் போற்றியது. படைக்கலம் ஏதுமின்றித் தொண்டைமானின் கொட்டில் வரை சென்று மீண்ட ஔவையாரையும் அம்மரபே போற்றியது. காவல் என்பது கருவியைப் பொறுத்தது மட்டுமன்று, ஊரைப் பொறுத்ததும் ஆகும் என்று உணர்ந்த மரபு அது. திசைக்காவலையும் தலக்காவலையும் இழந்த ஊரில் ஒருவன் இடுப்பிற் கத்தியைத் தேடுகிறான். மற்றொருவன் உரிமச் சீட்டைத் தேடுகிறான். இருவரும் தேடுவது 1801இல் கோட்டைச் சுவர்களோடு இடிந்துபோன ஒன்றையே.